உங்கள் கைத்தொலைபேசிக்கு நேரம் சொல்லும் முறையை 1852லேயே ஓட்டிக் காட்டியவர்: யார் இந்த ஜார்ஜ் ஏரி?

பக்கத்தில் இருப்பவரின் கைத்தொலைபேசியையும் உங்களுடையதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 8:29 என்பது 8:30 ஆக மாறும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே கணத்தில் மாறும். தயாரித்த நிறுவனம் வேறு, சேவை தரும் நிறுவனம் வேறு, வாங்கிய ஆண்டும் வேறு. ஆனாலும் நேரம் ஒன்றுதான்.

யாரும் உட்கார்ந்து அதைச் சரிசெய்வதில்லை. கருவிகள் தங்களுக்குள் பேசி நேரத்தை ஒப்பிட்டுக்கொள்கின்றன. இதற்குப் பெயர் நேர ஒத்திசைவு.

நமக்கு ஒரு விநாடி முன்னே பின்னே போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் தொலைத்தொடர்புக் கட்டமைப்புக்கு அது பெரிய விஷயம். பல 5ஜி கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசுகின்றன, கேட்கின்றன. ஒரு கோபுரம் கேட்க வேண்டிய நேரத்தில் பக்கத்துக் கோபுரம் பேச ஆரம்பித்தால் எல்லாம் இரைச்சல்தான். அதனால் இத்தகைய கோபுரங்களின் கடிகாரங்கள் பொது நேரத்திலிருந்து ஒன்றரை மைக்ரோவிநாடிக்கு மேல் விலகக்கூடாது என்று அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரையறுத்துள்ளது. ஒரு மைக்ரோவிநாடி என்பது ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளியே சுமார் 300 மீட்டர்தான் போகும்.

இதெல்லாம் கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு என்று தோன்றும். அடிப்படை யோசனை அதைவிட ரொம்பப் பழையது. நம்பகமான ஒரு கடிகாரம் நடுவில் இருக்கட்டும், கம்பி வழியாக மற்றக் கடிகாரங்கள் அதைப் பின்பற்றட்டும், பின்பற்றியதா என்று திரும்பிச் சொல்லட்டும். இதை ஒரு நாட்டுக்கான தினசரிச் சேவையாக நடத்திக் காட்டியவர்களில் முன்னோடி, பிரிட்டனின் அரச வானியலாளர் ஜார்ஜ் பிடெல் ஏரி.

புதிய கோளைக் கோட்டைவிட்டவர், கணினியின் முன்னோடியை நிராகரித்தவர் என்றுதான் வரலாற்றில் பலர் இவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

வேலை இழந்த தந்தை, விடாத மகன்

ஏரி பிறந்தது 1801 ஜூலை 27ஆம் தேதி, இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள அல்னிக் நகரில். தந்தை தீர்வை வசூலிக்கும் அரசாங்க அதிகாரி. ஏரி சிறுவனாக இருந்தபோதே அவருக்கு வேலை போனது. குடும்பம் வறுமைக்குள் சரிந்தது.

பையனைத் தாங்கிப் பிடித்தவர் தாய்மாமா ஆர்தர் பிடெல். சஃபோக் வட்டாரத்தின் பிளேஃபோர்ட் கிராமத்தில் விவசாயம் பார்த்தவர். மாமா வீட்டில் நல்ல நூலகம் இருந்தது. ஏரியின் படிப்பு ஆசை அங்கேதான் வளர்ந்தது.

1819இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். முழுக் கட்டணம் கட்ட வசதியில்லாத மாணவர்களுக்கென இருந்த சலுகைப் பிரிவில்தான் இடம் கிடைத்தது. 1823இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தார்.

1824இல் டெர்பிஷியர் பக்கம் நடைப்பயணம் போனபோது ரிச்சர்டா ஸ்மித் என்ற பெண்ணைச் சந்தித்தார். பார்த்த இரண்டே நாளில் திருமணம் செய்துகொள்ளக் கேட்டுவிட்டார்! பெண்ணின் தந்தை மறுத்தார். காரணம், பையனுக்கு நிலையான வருமானம் இல்லை.

1826இல் நியூட்டன் வகித்த லூக்காசியன் பேராசிரியர் பதவி கிடைத்தது. பெருமை பெரிது. சம்பளமோ ஆண்டுக்கு 99 பவுண்ட். 1828இல் வானியல் பேராசிரியராக மாறி, கேம்பிரிட்ஜ் வானாய்வகத்தின் பொறுப்பையும் ஏற்றார். சம்பளம் போதாது என்று வாதாடி, 500 பவுண்டாக உயர்த்த வைத்தார். 1830இல் திருமணம் நடந்தது. ஆறு வருடக் காத்திருப்பு.

தன் இடது கண்ணில் பார்வை ஒரு திசையில் மட்டும் கலங்குவதைக் கவனித்து, அதைச் சரிசெய்யும் உருளை வடிவ வில்லையைத் தானே வடிவமைத்ததும் இந்த 1820களில்தான். இன்று கண்ணாடிக் கடையில் அஸ்டிக்மாட்டிசம் என்று சொல்கிறார்களே, அதற்கான கண்ணாடி அது. பிழை இருந்தால் அளந்து பார், அளந்தால் திருத்தலாம் என்பதே அவரது போக்கு.

ஊருக்கு ஒரு நேரம்

1835இல் ஏரி அரச வானியலாளராகி, கிரீன்விச் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். அடுத்த 46 ஆண்டுகள் அந்த நாற்காலி அவருடையது.

அப்போது பிரிட்டனில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நேரம். சூரியன் உச்சிக்கு வரும் கணம்தான் நண்பகல். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். அதனால் மேற்கே உள்ள பிரிஸ்டலில் நண்பகல், லண்டனைவிடச் சுமார் 10 நிமிடம் தாமதம். குதிரை வண்டிக் காலத்தில் இது யாருக்கும் தொந்தரவாக இல்லை.

ரயில் வந்ததும் கதை மாறியது. கால அட்டவணையில் எந்த ஊர் நேரத்தைப் போடுவது? அது மட்டுமா? ஒரே தண்டவாளத்தில் முன்னே போன ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையே இத்தனை நிமிடம் என்று கணக்கிட்டுத்தான் பல இடங்களில் ரயில்களை விட்டார்கள். இரண்டு நிலையங்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் உயிர் போகும்.

1840இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில் நிறுவனம் தன் வழி முழுவதும் லண்டன் நேரத்துக்கு மாறியது. 1847இல் எல்லா ரயில் நிறுவனங்களும் கிரீன்விச் நேரத்தைப் பின்பற்றலாம் என்ற பரிந்துரை வந்தது.

ஆனால் கிரீன்விச் நேரம் உங்களுக்கு எப்படிக் கிடைக்கும்? அதுதான் சிக்கல்.

நேரத்தைக் கையில் எடுத்துப் போனவர்கள்

அப்போது இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, நேரப் பந்து. 1833 முதல் கிரீன்விச் வானாய்வகத்தின் உச்சியில் தினமும் பிற்பகல் 1 மணிக்கு ஒரு பெரிய பந்து கம்பத்திலிருந்து கீழே இறங்கும். தேம்ஸ் ஆற்றில் நிற்கும் கப்பல்கள் அதைப் பார்த்து தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும்.

இரண்டு, ஆள் அனுப்புவது. 1836 முதல் வானாய்வக ஊழியர் ஜான் ஹென்றி பெல்வில், நல்ல குரோனோமீட்டர் ஒன்றைக் கிரீன்விச்சில் சரிபார்த்து, லண்டனில் உள்ள சுமார் 200 வாடிக்கையாளர்களிடம் கொண்டுபோய்க் காட்டி வந்தார். அவருக்குப் பின் மனைவி மரியா, அடுத்து மகள் ரூத் என அந்தக் குடும்பத் தொழில் 1940 வரை நீடித்தது. இணையம் இல்லாத இடத்துக்குப் பென்டிரைவில் கோப்பை எடுத்துப் போகிற மாதிரி.

இரண்டிலும் குறை உண்டு. பந்து, பார்க்க முடிகிறவர்களுக்கு மட்டும்தான். கையில் எடுத்துப் போகும் கடிகாரமோ வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக விலகும். 1844இல் அயர்லாந்தின் மேற்குக் கோடியில் உள்ள வலென்சியா தீவின் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க, ஏரி 30 குரோனோமீட்டர்களைத் திரும்பத் திரும்ப அங்கும் இங்கும் அனுப்ப வேண்டியிருந்தது. ஒன்று தப்பினாலும் மற்றவற்றின் சராசரி காப்பாற்றும் என்பது கணக்கு.

தாய்க்கடிகாரமும் சேய்க்கடிகாரங்களும்

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில், சார்ல்ஸ் ஷெப்பர்ட் செய்த மின்சாரக் கடிகாரம் இடம்பெற்றிருந்தது. ஒரு கடிகாரம் மின்துடிப்பு அனுப்ப, மற்றவற்றின் முள்கள் அதற்கேற்ப நகரும். தனக்குத் தேவையானது இதுதான் என்று ஏரிக்குப் புரிந்தது. கிரீன்விச்சுக்கு ஒரு தொகுதி வேண்டும் என்று ஷெப்பர்டிடம் கேட்டார். 1852இல் அது ஓட ஆரம்பித்தது.

மின்சாரக் கடிகாரம் ஏரியின் கண்டுபிடிப்பு அல்ல. அலெக்சாண்டர் பெயின், சார்ல்ஸ் வீட்ஸ்டன் ஆகியோர் 1840களிலேயே அதில் இறங்கியிருந்தனர். ஏரி செய்தது வேறு. வானத்து நட்சத்திரத்திலிருந்து ரயில் நிலையச் சுவர் வரை ஒரே சங்கிலியாக எல்லாவற்றையும் கட்டினார்.

அந்தச் சங்கிலி இப்படி இருந்தது:

• இரவில் தொலைநோக்கி வழியாக, குறிப்பிட்ட நட்சத்திரங்கள் வடக்கு-தெற்குக் கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறித்துக்கொள்வார்கள். அவை எப்போது கடக்க வேண்டும் என்பது முன்பே தெரியும். அதை வைத்துக் கடிகாரத்தின் பிழையைக் கண்டுபிடிப்பார்கள்.

• அதற்கேற்பத் தாய்க்கடிகாரத்தைத் திருத்துவார்கள்.

• தாய்க்கடிகாரம் ஒவ்வொரு விநாடியும் மின்துடிப்பு அனுப்பும். வானாய்வகத்தில் உள்ள சேய்க்கடிகாரங்கள் அதைப் பின்பற்றும். நுழைவாயில் சுவரில் உள்ள 24 மணிநேரக் கடிகாரம் அவற்றில் ஒன்று. அது இன்றும் அங்கே இருக்கிறது.

• கம்பி வழியாக அதே நேரம் லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்துக்குப் போகும். தந்தி நிறுவனத்தின் மையத்துக்கும் போகும். அங்கிருந்து மற்ற நகரங்களுக்குப் பரவும்.

இன்றைய தொலைத்தொடர்பு ஆட்கள் இதைப் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். உச்சியில் ஒரு மூலக் கடிகாரம், அதைக் கேட்கும் இரண்டாம் அடுக்கு, அந்த அடுக்கைக் கேட்கும் மூன்றாம் அடுக்கு. இணையத்தில் கணினிகளுக்கு நேரம் தரும் என்டிபி நெறிமுறையும் இதே அடுக்கு முறையில்தான் இயங்குகிறது.

வானம் மேகமாக இருந்தால்? நட்சத்திரம் தெரியாது. அடுத்த தெளிவான இரவு வரை தாய்க்கடிகாரம் தன் சொந்தக் கட்டுப்பாட்டிலேயே ஓட வேண்டும். அது எந்த அளவுக்கு விலகும் என்று முன்பே தெரிந்திருந்தால்தான் சமாளிக்க முடியும். செயற்கைக்கோள் சைகை துண்டிக்கப்படும்போது இன்றைய 5ஜி கட்டமைப்புக்கும் இதே நிலைமைதான்.

அனுப்பியது போய்ச் சேர்ந்ததா?

நேரத்தை அனுப்புவது பாதி வேலை. சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்வது மீதிப் பாதி. ஏரியின் பிடிவாதம் இங்கேதான் கைகொடுத்தது.

1855இல் கென்ட் கடற்கரையின் டீல் நகரில் ஒரு நேரப் பந்து இயங்கத் தொடங்கியது. கிரீன்விச்சிலிருந்து வரும் மின்துடிப்புதான் அதைக் கீழே விடும். அருகில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு நடுக்கடலுக்குப் போகும். கடிகாரம் 4 விநாடி தப்பினால், நிலநடுக்கோட்டுப் பகுதியில் கப்பல் இருக்கும் இடம் சுமார் 1.85 கிலோமீட்டர் தப்பும். பாறை எங்கே, கரை எங்கே என்று தெரியாத இரவில் அந்த இடைவெளி ஒரு கப்பலையே மூழ்கடிக்கும்.

அதனால் பந்து விழுந்த கணத்தில், டீலிலிருந்து ஒரு சைகை கிரீன்விச்சுக்குத் தானாகத் திரும்பி வரும்படி ஏற்பாடு செய்தார் ஏரி. விழுந்ததா இல்லையா, சரியான நேரத்தில் விழுந்ததா என்பது உடனே தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் இரண்டு டிக் விழுகிறதே, கிட்டத்தட்ட அதே யோசனை.

பிக் பென் கதையும் இப்படித்தான். நாடாளுமன்றக் கோபுரத்துக்குப் புதுக் கடிகாரம் செய்யும் திட்டத்தில் ஏரி ஆலோசகர். ஒவ்வொரு மணியின் முதல் ஒலியும் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும், தன் நிலையைத் தினமும் தந்தி வழியாகக் கிரீன்விச்சுக்குச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டார். இவ்வளவு பெரிய கடிகாரத்தில் அது முடியாது என்று எதிர்ப்பு வந்தது. அவர் மசியவில்லை. 1859இல் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பிக் பென்னைக் கிரீன்விச் இயக்கவில்லை. அது தன்னிச்சையாக ஓடும், அறிக்கை மட்டும் அனுப்பும். கட்டுப்படுத்துவது வேறு, கண்காணிப்பது வேறு. இன்றும் கட்டமைப்புகளில் இரண்டும் தனித்தனி வேலைகள்தான்.

கம்பியில் தாமதமாகும் நேரத்தை எப்படிக் கழிப்பது?

இதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. சைகை உங்களிடம் வந்து சேரவே கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் அனுப்பிய கடிகாரம் நகர்ந்துவிடும். எவ்வளவு தாமதம் என்று தெரியாமல் எப்படித் திருத்துவது?

1850களில் கிரீன்விச்சுக்கும் கேம்பிரிட்ஜ், எடின்பரோ, பிரசல்ஸ், பாரிஸ் வானாய்வகங்களுக்கும் இடையே தந்தி வழியாக நேரத்தை ஒப்பிட்டார் ஏரி. தீர்க்கரேகை வித்தியாசத்தை அளப்பதே நோக்கம். இத்தகைய ஒப்பீட்டின் சூட்சுமம், சைகையை ஒரு பக்கம் மட்டும் அனுப்பாமல் இரண்டு பக்கமிருந்தும் அனுப்புவது.

எளிய உதாரணம். உங்கள் கடிகாரம், நண்பரின் கடிகாரம். நீங்கள் சைகை அனுப்புகிறீர்கள். அது வந்து சேர்ந்த நேரத்தை நண்பர் குறிக்கிறார். கணக்குப் பார்த்தால் நண்பரின் கடிகாரம் 7 விநாடி முன்னே இருப்பதாகத் தெரிகிறது. இப்போது நண்பர் அனுப்புகிறார், நீங்கள் குறிக்கிறீர்கள். இந்தத் தடவை 5 விநாடிதான் முன்னே இருப்பதாகத் தெரிகிறது.

எது சரி? இரண்டுமே இல்லை. போகும்போது தாமதம் கூடுதலாகச் சேர்ந்தது, வரும்போது கழிந்தது. இரண்டின் சராசரி 6. அதுதான் உண்மையான வித்தியாசம். இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் பாதி, அதாவது 1 விநாடி, கம்பியில் ஆன தாமதம்.

அவ்வளவுதான். என்டிபியும், 5ஜி கட்டமைப்புகளில் பயன்படும் பிடிபி நெறிமுறையும் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன. ஏரியின் காலத்துக்கும் இன்றைக்கும் பொதுவான ஒரு பலவீனமும் இதில் உண்டு. போகும் தாமதமும் வரும் தாமதமும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விடை தப்பும், தப்பியது தெரியவும் தெரியாது.

இன்னொரு பிழை மனிதரிடம் இருந்தது. ஒரே நட்சத்திரத்தை இரண்டு பேர் பார்த்தால், ஒருவர் எப்போதும் சற்று முந்திக் குறிப்பார், இன்னொருவர் சற்றுப் பிந்திக் குறிப்பார். பிரசல்ஸ் ஒப்பீட்டின்போது இரண்டு வானாய்வகங்களின் பார்வையாளர்களும் பாதியில் இடம் மாறிக்கொண்டார்கள். ஆளின் பழக்கத்தால் வரும் பிழை அதில் கழிந்துபோகும்.

28 ஆண்டுகள் காத்திருந்த சோதனை

ஏரியின் குணத்தைப் புரிந்துகொள்ள ஒரு சுரங்கத்துக்குள் போக வேண்டும்.

பூமியின் அடர்த்தியை அளக்க அவருக்கு ஒரு யோசனை இருந்தது. ஓர் ஊசலைத் தரையில் வைப்பது, இன்னொன்றை ஆழமான சுரங்கத்தின் அடியில் வைப்பது. ஈர்ப்பு மாறினால் ஊசலின் வேகமும் மாறும். 1826இல் கார்ன்வாலின் டால்கோத் சுரங்கத்தில் முயன்றார். கருவிகளை மேலே தூக்கும்போது பெட்டி தீப்பிடித்து எரிந்தது. 1828இல் மறுபடி முயன்றார். சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. விட்டுவிட்டார்.

மேலேயும் கீழேயும் உள்ள கடிகாரங்களை ஒப்பிடுவதுதான் அப்போது பெரிய தலைவலி. ஒரு குரோனோமீட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். தந்தி வந்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. 1854இல் சவுத் ஷீல்ட்ஸ் பக்கத்தில் உள்ள ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில், சுமார் 380 மீட்டர் ஆழத்தில் சோதனையைத் திரும்ப நடத்தினார். மின்சைகைகள் மேலும் கீழும் ஒரே கணத்தில் கிடைத்தன. கீழே இருந்த ஊசல் நாளொன்றுக்குச் சுமார் 2.24 விநாடி முந்தியது.

அதிலிருந்து பூமியின் அடர்த்தி தண்ணீரைவிடச் சுமார் 6.6 மடங்கு என்று கணக்கிட்டார். இன்று நாம் ஏற்கும் மதிப்பு சுமார் 5.5. விடை தப்புதான். ஆனால் ஒரு நாளில் இரண்டு விநாடி வித்தியாசத்தை, இத்தனை ஆழத்தில் இருக்கும் இரண்டு கருவிகளுக்கு இடையே நிச்சயமாகச் சொல்ல முடிந்ததே, அது ஒத்திசைவின் வெற்றி.

தவறவிட்ட கோள், நிராகரித்த இயந்திரம்

ஒழுங்கு ஏரியின் பலம். அதுவே அவரது பலவீனமும்கூட.

எந்தக் காகிதத்தையும் தூக்கி எறிய மாட்டார். எல்லாவற்றையும் கோப்பிட்டு வைப்பார். காலிப் பெட்டிகள்மேல் காலி என்று எழுதி ஒட்டவே ஒரு பிற்பகலைச் செலவிட்டார் என்று அவரைப் பற்றி ஒரு கதைகூட உலவியது. கணக்குப் போடுவதற்குப் பதின்ம வயதுச் சிறுவர்களை வேலைக்கு வைத்தார். அச்சடித்த படிவங்களில் எண்களை நிரப்பிக்கொண்டு நீண்ட நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். கிரீன்விச்சை ஒரு தொழிற்சாலை மாதிரி நடத்தினார் என்ற விமர்சனம் அவர்மேல் உண்டு.

1842இல் சார்ல்ஸ் பாபேஜின் கணக்கிடும் இயந்திரத்துக்குத் தொடர்ந்து பணம் தரலாமா என்று அரசாங்கம் ஏரியிடம் ஆலோசனை கேட்டது. அதனால் பயனில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அரசாங்கமும் கைகழுவியது. மனிதக் கணக்காளர்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு அந்த இயந்திரத்தின் எதிர்காலம் தெரியவில்லை.

1845இல் ஜான் கௌச் ஆடம்ஸ் என்ற இளைஞர், யுரேனஸுக்கு அப்பால் ஒரு கோள் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதன் இடத்தைக் குறிப்பெழுதி ஏரியின் வீட்டில் விட்டுப்போனார். ஏரி ஒரு தொழில்நுட்பக் கேள்வி கேட்டுக் கடிதம் எழுதினார். ஆடம்ஸ் பதில் அனுப்பவில்லை. விஷயம் அப்படியே கிடந்தது. பிரான்சின் லெ வெரியே தனியாகப் போட்ட கணக்கை வைத்து, 1846 செப்டம்பர் 23ஆம் தேதி பெர்லினில் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது. பிரிட்டனில் எல்லாரும் ஏரியைத்தான் கைகாட்டினார்கள்.

வானாய்வகத்தின் வேலை கப்பல்களுக்கும் நாட்டுக்கும் நம்பகமான அளவீடு தருவதே, புதுக் கோள் தேடுவது அல்ல என்பது அவரது எண்ணம். வழக்கமான வேலையை ஒரு நாளும் தவறவிடாத மனிதர், வழக்கத்துக்கு மாறான ஒன்று வாசலுக்கே வந்தபோது தவறவிட்டார். நேரச் சேவைக்குத் தேவைப்பட்டதும் இதே குணம்தான் என்பதை மறுக்க முடியாது. தினமும், சலிப்பில்லாமல், ஒரே மாதிரி.

எல்லாரும் ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. கிரீன்விச் நேரம் சில ஊர்களுக்குத் திணிப்பாகத் தெரிந்தது. லண்டனுக்காக நம்ம ஊர்ச் சூரியனை ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்வி எழுந்தது.

1858இல் டார்செஸ்டர் நீதிமன்றத்தில் காலை 10 மணிக்கு ஒரு வழக்கு. நீதிமன்றக் கடிகாரம் 10:06 காட்டியபோது, பிரதிவாதி வரவில்லை என்று நீதிபதி எதிராகத் தீர்ப்பளித்தார். பிறகு வந்தவர், ஊர் நேரப்படி தாம் சரியாகத்தான் வந்தோம் என்றார். வழக்கு மேலே போனது. சட்டப்படி ஊர் நேரமே செல்லும் என்று முடிவானது! ரயில் ஒரு நேரத்தில் ஓடியது, சட்டம் வேறு நேரத்தில் நின்றது. 1880இல்தான் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி கிரீன்விச் நேரத்தைப் பிரிட்டனின் அதிகாரபூர்வ நேரமாக்கியது.

அடுத்த ஆண்டு, 1881இல், ஏரி ஓய்வு பெற்றார். 1872இலேயே அவருக்கு சர் பட்டம் கிடைத்திருந்தது. மனைவி ரிச்சர்டா 1875இல் காலமானார். 1892 ஜனவரி 2ஆம் தேதி, 90 வயதில் ஏரி கிரீன்விச்சில் இறந்தார். மாமா வாழ்ந்த பிளேஃபோர்ட் கிராமத்தில்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1884இல் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். உலகுக்குப் பொதுவான பூச்சியத் தீர்க்கரேகை எது என்று முடிவெடுக்க வேண்டும். 22 நாடுகள் கிரீன்விச்சுக்கு வாக்களித்தன. அந்தக் கோடு எங்கே ஓடுகிறது? ஏரி வடிவமைத்து 1851இல் பயன்பாட்டுக்கு வந்த தொலைநோக்கியின் நடுவே.

சிங்கப்பூரின் பழைய உள்ளூர் நேரம், கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம் 25 விநாடி முன்னே இருந்தது. 1905இல் அது 7 மணிநேரமாக வட்டமாக்கப்பட்டது. 1933இல் 7 மணி 20 நிமிடம். 1941இல் 7 மணி 30 நிமிடம். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் தோக்கியோ நேரம், அதாவது 9 மணிநேரம். போருக்குப் பின் மறுபடியும் ஏழரை. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் 8 மணிநேரத்துக்கு மாறின. ஆட்சி மாறினால் கடிகாரமும் மாறியது. ஒவ்வொரு தடவையும் கணக்கு மட்டும் ஏரியின் அந்தக் கோட்டிலிருந்துதான்.

சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் மலைக்குப் போனால் நேரப் பந்தின் மாதிரி ஒன்றை இன்றும் பார்க்கலாம். துறைமுகக் கப்பல்களுக்கு நேரம் சொன்ன காலத்தின் நினைவு அது.

இன்று என்ன மாறியிருக்கிறது?

நட்சத்திரத்தின் இடத்தை அணுக் கடிகாரம் பிடித்துவிட்டது. சிங்கப்பூரில் அதிகாரபூர்வ நேரத்தைத் தேசிய அளவியல் நிலையம் அப்படித்தான் பராமரிக்கிறது. தந்திக் கம்பி போய், கண்ணாடி இழையும் செயற்கைக்கோளும் வந்துவிட்டன. ஏரியின் கவலை விநாடியில், நம்முடையது மைக்ரோவிநாடியில்.

அவரது கோடும் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. ஜிபிஎஸ் கருவியுடன் கிரீன்விச்சுக்குப் போய் ஏரியின் தொலைநோக்கி முன் நின்றால், அது பூச்சியம் காட்டாது. சுமார் 102 மீட்டர் கிழக்கே நடக்க வேண்டும். ஏரியின் கருவி உள்ளூர் ஈர்ப்பின் திசையை வைத்து நேராக நிறுத்தப்பட்டது. செயற்கைக்கோள் கணக்கு பூமியின் மையத்தை வைத்துப் போடப்படுவது. இரண்டும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை.

மாறாத ஒரு விஷயம் உண்டு. எல்லாரும் ஒரே கடிகாரத்தைக் கேட்டால், அந்தக் கடிகாரம் தப்பும்போது எல்லாரும் சேர்ந்தே தப்புவார்கள். இன்று பல கட்டமைப்புகள் செயற்கைக்கோள் நேரத்தை நம்பியிருக்கின்றன. அந்தச் சைகை பலவீனமானது, அதைக் குழப்பவும் முடியும். அதனால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட மூலத்திலிருந்து நேரம் பெறுவது, சைகை போனாலும் சில மணிநேரம் தாக்குப்பிடிக்கும் நல்ல கடிகாரத்தை உள்ளே வைத்திருப்பது, அனுப்பிய நேரம் சரியாகச் சேர்ந்ததா என்று இடைவிடாமல் சரிபார்ப்பது ஆகியவற்றில் பொறியாளர்கள் கவனம் செலுத்துகிறார்கள்.

30 குரோனோமீட்டர், மேகமூட்டமான இரவு, டீலிலிருந்து திரும்பி வந்த சைகை. ஏரிக்கு இந்த மூன்றுமே பழக்கமானவைதான்.